பறக்கும் பறவைகளுக்கு நிக்கான் டி500, 200–500 மி.மீ. லென்ஸ்: நெடுநாள் பயன்பாட்டு அனுபவம்

நிக்கான் டி500 கேமராவையும் அதே நிறுவனத்தின் 200–500 மி.மீ. எஃப்/5.6 லென்ஸையும் பல பருவங்களாகப் பள்ளிக்கரணையிலும் வேடந்தாங்கலிலும் பயன்படுத்தி வருகிறேன். 2016-இல் வெளிவந்த இந்த கேமரா இப்போது புதிதாகத் தயாரிக்கப்படுவதில்லை என்றாலும், செகண்ட் ஹேண்டில் தேடி வாங்குவோர் இன்றும் இருக்கிறார்கள். பறவையைப் பார்த்து மட்டும் கேமரா அமைப்புகளை முடிவு செய்வதைவிட, அது எந்தப் பின்புலத்தின் முன்னால் பறக்கப்போகிறது என்பதைப் பார்த்து முடிவு செய்தால்தான் நல்ல படங்கள் கிடைக்கின்றன என்பதே என் உறுதியான கருத்து.

முதலில் எக்ஸ்போஷர், அதாவது படத்தில் பதியும் ஒளியின் அளவு. வேடந்தாங்கலில் நத்தைக்குத்தி நாரை ஒன்று நீர்நடுவே நிற்கும் மரத்திலிருந்து எழுந்து, கரும்பச்சை இலைகளைக் கடந்து, வெளிறிய வானத்துக்கு வரச் சில நொடிகளே ஆகும். அந்நேரத்தில் அதன்மீது விழும் வெயில் மாறுவதில்லை, பின்புலம்தான் மாறுகிறது. கேமராவின் ஒளிமீட்டர் பின்புலத்தையும் சேர்த்தே அளப்பதால், இலைகளுக்கு முன்னால் சிறகு வெளுத்துவிடுகிறது, வானத்துக்கு முன்னால் அதே பறவை கருத்துவிடுகிறது. ஐஎஸ்ஓவை (ஒளியுணர்திறனை) மட்டும் ஆட்டோவில் விட்டாலும் சிக்கல் தீராது, அதை ஏற்றி இறக்குவதும் அந்த மீட்டர்தானே. ஆகவே மேகமற்ற நாட்களில் ஷட்டர் வேகம், அப்பர்ச்சர் (லென்ஸின் திறப்பு), ஐஎஸ்ஓ மூன்றையும் மேனுவலில் நிறுத்திவிடுகிறேன். நல்ல வெயிலில் எஃப்/16 வைத்தால் ஐஎஸ்ஓ எண்ணே ஷட்டர் வேகம் என்ற பழைய கணக்கின்படி, ஐஎஸ்ஓ 400-இல் எஃப்/16-க்கு 1/400 நொடியும், அதைவிட எட்டு மடங்கு ஒளியை விடும் எஃப்/5.6-க்கு 1/3200 நொடியும் வரும். கொக்கு போன்ற வெள்ளைப் பறவை என்றால் ஐஎஸ்ஓவை 250-க்கு இறக்கி, திரையில் வெள்ளைப் பகுதி மினுக்கி எச்சரிக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது போதும். சூரியன் தாழ்ந்திருக்கும் அதிகாலையில் ஐஎஸ்ஓ 800, 1600 என்று ஏற்றத்தான் வேண்டும். மேகங்கள் வந்து போகும் நாளில் மட்டும் ஆட்டோ ஐஎஸ்ஓவுக்குத் திரும்புகிறேன்.

ஃபோகஸும் அப்படியே. இந்த கேமராவில் 153 ஃபோகஸ் புள்ளிகள் உள்ளன. ஆனால் எல்லாவற்றையும் ஒருசேரத் திறந்துவிடுவதால் பலன் கூடுவதில்லை. வெறும் வானத்தில் பறக்கும் பறவைக்கு, சில புள்ளிகளை ஒரே தொகுதியாக இயக்கும் குரூப் ஏரியா முறை மிகச் சிறந்தது: அது தன் எல்லைக்குள் மிக அருகில் இருப்பதைப் பிடிக்கும், வானத்திலோ பறவையைத் தவிர வேறெதுவும் இல்லை. அதே முறை கோரைப் புற்களுக்கு மேல் தாழப் பறக்கும் சேற்றுப் பூனைப்பருந்திடம் கைவிடுகிறது, ஏனெனில் அங்கே அருகில் இருப்பது புல். அப்போது, ஒரு புள்ளியை முதன்மையாகவும் சுற்றியுள்ளவற்றைத் துணையாகவும் கொள்ளும் 25 புள்ளி டைனமிக் முறைக்கு மாறி, நடுப்புள்ளியைப் பருந்தின் தலையில் வைத்துத் தொடர்கிறேன். இடையில் புல் மறைத்தாலும் ஃபோகஸ் உடனே தாவாதிருக்க, மெனுவில் தடை குறுக்கிடும்போது ஃபோகஸ் எவ்வளவு தாமதித்து மாற வேண்டும் என்ற அமைப்பை 4-இல் வைத்திருக்கிறேன். ஃபோகஸ் செய்வதை ஷட்டர் பொத்தானிலிருந்து பின்புற ஏஎஃப்-ஆன் பொத்தானுக்கு மாற்றியதில் கிடைத்த பெரிய நன்மை, ஃபோகஸ் நழுவியதும் விரலை எடுத்து மீண்டும் அழுத்திப் புதிதாகப் பிடிக்க முடிவது. லென்ஸின் ஃபோகஸ் சுவிட்சை 6 மீட்டருக்கு அப்பால் என்ற நிலையில் வைத்தால் தேடும் நேரமும் குறைகிறது.

ஷட்டர் வேகத்தில் சொல்ல அதிகமில்லை. கூழைக்கடா, பூநாரை போன்ற பெரிய பறவைகளுக்கு 1/1600 நொடியும், மீசை ஆலா, பஞ்சுருட்டான், தகைவிலான் போன்றவற்றுக்கு 1/3200 நொடியும் வேண்டும்.

எந்த அமைப்பையும்விட முக்கியமானது நிற்கும் இடம். பறவைகள் எழுவதும் இறங்குவதும் பெரும்பாலும் காற்றை எதிர்த்துத்தான். மார்கழி, தை மாதங்களில் வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வீசுகிறது, காலை வெயில் தென்கிழக்கிலிருந்து விழுகிறது. ஆகவே கிழக்கை முதுகுக்குப் பின்னால் வைத்து மேற்கு நோக்கி நின்றால், இறங்கும் வாத்துகளும் நாரைகளும் முகத்தில் வெயில் பட நம்மை நோக்கியே வருகின்றன. இந்தப் பொருத்தம் கிடைக்கும் காலையில் சாதாரண லென்ஸும் அருமையாக வேலை செய்யும். அது இல்லாத மாலையில் எவ்வளவு விலைகொடுத்த லென்ஸும் வால்பக்கத்தைத்தான் எடுக்கும்.

பறவையை எழுப்பிவிடக் கைதட்டுவதையும் கல்லெறிவதையும் இன்றும் காண்கிறேன்; இதை எந்தப் படத்துக்காகவும் ஏற்க முடியாது. மஞ்சள்மூக்கு நாரை நண்பகலில் சிறகை விரித்துத்தான் குஞ்சுகளுக்கு நிழல் தருகிறது. அது கூட்டைவிட்டு எழுந்தால் குஞ்சு வெயிலில் கிடக்கும், காக்கையும் வரும். எழப்போகும் பறவை உடலை முன்சாய்த்துக் கால்களை மடக்குகிறது. பல சமயம் எச்சமிடுகிறது. அதைக் கவனித்துக் காத்திருந்தால் போதும்.

லென்ஸ் 2.3 கிலோ எடையுள்ளது. கையில் பிடித்துத் தொடரலாம், ஆனால் நீண்ட நேரம் ஏந்திக் காத்திருக்க மோனோபாட் (ஒற்றைக்கால் தாங்கி) தேவை. ஜூம் வளையத்தை அதிகம் சுழற்ற வேண்டியிருப்பதால், 300 மி.மீ. அளவில் பறவையைக் கண்டுபிடித்துவிட்டு 500-க்குப் போவதை முன்கூட்டியே பழகிக்கொள்வது நல்லது. அதிர்வு குறைப்பை ஸ்போர்ட் நிலையில் வைத்தால் வியூஃபைண்டரில் காட்சி குதிப்பதில்லை.

கூர்மை குறைகிறது என்று லென்ஸைக் குறை சொல்லும் முன் நேரத்தைப் பாருங்கள். வெயில் ஏறியபின் சதுப்பின் மேல் கானல் அலையத் தொடங்கினால், தொலைவில் உள்ள பறவையின் இறகுகள் எந்த ஷட்டர் வேகத்திலும் குழைந்தே பதிவாகும். அந்நேரத்தில் அருகில் வரும் பறவைகளை மட்டும் எடுக்கிறேன். தொலைவில் இருப்பவற்றை மறுநாள் காலைக்கு விட்டுவிடுகிறேன்.