மழைக்காலத்தில் படகை மூட எந்தத் தார்ப்பாய்? கடலூர், புதுச்சேரி கரைக்கு ஏற்ற ஷீட்டுகள் பற்றி

தேவனாம்பட்டினம், தாழங்குடா, வீராம்பட்டினம், நல்லவாடு பக்கம் மணலில் ஏற்றி வைக்கிற 28 அடி ஃபைபர் படகுக்கு, ஐப்பசி முதல் மார்கழி முடியும்வரை தாங்கக்கூடிய மூடி எது என்பதுதான் இங்கே கேள்வி. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: 200 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 200 கிராம்) எடையுள்ள குறுக்கு அடுக்கு ஷீட், அதாவது கடையில் சில்பாலின் என்று கேட்டு வாங்குகிற வகை, கறுப்பு அல்லது ஒரு பக்கமாவது கறுப்பு. அதன் மேல் ஒரு பழைய வலை. கீழே சரியான சரிவில் சவுக்குக் கம்புச் சட்டம். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் ஷீட்டுக்குக் கொடுத்த காசு வீண்.

முதலில் மழையின் அளவைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 28 அடி நீளம், ஆறரை அடி அகலம் உள்ள படகின் திறந்த வாய் ஏறக்குறைய 12 சதுர மீட்டர். 10 செ.மீ. மழை பெய்தால் படகுக்குள் 1,200 லிட்டர் விழும், அதாவது 1,200 கிலோ. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது 24 மணி நேரத்தில் 45 செ.மீ.க்கும் மேல் கொட்டியது. மூடாத, தண்ணீர் வெளியேறுகிற ஓட்டையின் தக்கையைப் பிடுங்காத படகில் அது 5 டன்னைத் தாண்டும். மணலில் சமமில்லாமல் உட்கார்ந்திருக்கிற படகின் அடிப்பக்கம் அந்தப் பாரத்தில் வளைந்து கீறல் விடும். உடனே விடாவிட்டாலும், தேங்கிய மழைத்தண்ணீர் ஃபைபரின் மேல் பளபளப்புப் பூச்சான ஜெல் கோட் வழியாக மெல்ல உள்ளே இறங்கிக் கொப்புளம் கட்டும். இந்த விஷயத்தில் கடல் தண்ணீரைவிட மழைத்தண்ணீர்தான் மோசம். எஞ்சின் மாட்டுகிற பின்பலகைக்குள் பிளைவுட் வைத்துக் கட்டிய படகு என்றால் கேட்கவே வேண்டாம். போல்ட் ஓட்டை வழியாக இறங்குகிற நல்ல தண்ணீர் மரத்தை உளுக்க வைக்கும், வெளியே ஃபைபர் பளபளவென்று இருக்கும்.

கடையில் நான்கு வகை ஷீட் காட்டுவார்கள்.

முதலாவது நீலத் தார்ப்பாய். எச்.டி.பி.இ. என்ற பிளாஸ்டிக் நாரை நெய்து இரண்டு பக்கமும் மெல்லிய பிளாஸ்டிக் பூசியது. விலை குறைவு என்பதால் அதிகம் விற்பது இதுதான். 90, 120 ஜிஎஸ்எம் ஷீட்டுகள் நெல் மூடுவதற்குச் சரி, கடற்கரைக் காற்றுக்குச் சரிவராது. மேல் பூச்சு மடிப்புகளில் உரிந்ததும் தண்ணீர் நெசவுக்குள் ஏறி, மேலே ஓட்டையே தெரியாமல் உள்ளே சொட்டும். இதையே வாங்குவதென்றால் 200க்குக் கீழே போக வேண்டாம். ஐ.எஸ். 7903 என்ற இந்தியத் தர எண் அச்சடித்திருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டாவது குறுக்கு அடுக்கு ஷீட். இதில் நெசவே கிடையாது. பிளாஸ்டிக் படலங்களை ஒன்றின் இழுவை ஒருபக்கம், மற்றதன் இழுவை எதிர்ப்பக்கம் இருக்கும்படி ஒட்டியிருப்பார்கள். அதனால் தண்ணீர் ஊறி நடக்க வழி இல்லை. ஒரு இடத்தில் கிழிந்தாலும் நீலத் தார்ப்பாய் போல நூல் பிடித்து நீளமாக ஓடாது. இதற்கான தர எண் ஐ.எஸ். 14611. சில்பாலின் என்பது ஒரு குறிப்பிட்ட பிராண்டின் பெயர். ஆனால் கடைக்காரர் இந்த வகை எல்லாவற்றையும் அந்தப் பெயரிலேயே எடுத்துப் போடுவார், ஆகவே பெயரைக் கேட்டு ஏமாறாமல் அச்சைப் படியுங்கள். இதன் குறை, கூர்மையான விளிம்பில் உரசினால் சீக்கிரம் பொத்துக்கொள்ளும். படகின் விளிம்பும் கம்பு முனையும்தான் இதற்கு எதிரி. துணி சுற்றித் தீர்க்கக்கூடிய குறை என்பதால் இதையே முதல் இடத்தில் வைக்கிறோம்.

மூன்றாவது லாரித் தார்ப்பாய், பி.வி.சி. பூசிய பாலியெஸ்டர் துணி. 500, 600 ஜிஎஸ்எம் வரும். நான்கில் உழைப்பு அதிகம் இதற்குத்தான், பல வருடம் வரும். ஆனால் 28 அடிப் படகுக்கான அளவில் 23 முதல் 28 கிலோ வரை கனக்கும், நனைந்தால் இன்னும் கூடும். இரண்டு பேர் இல்லாமல் போடவும் முடியாது, அவசரத்துக்கு இறக்கவும் முடியாது. புயல் கூண்டு ஏறுகிற கரையில் அது பெரிய குறை. அரியாங்குப்பம் ஆற்றங்கரை போல ஒதுக்குப்புறமான இடத்தில், மாதக்கணக்கில் தொடாமல் நிற்கிற உல்லாசப் படகுக்கு இது பொருத்தம்.

நான்காவது பழைய ஃப்ளெக்ஸ் பேனர். சும்மா கிடைக்கும் என்பதைத் தவிர சொல்ல ஒன்றுமில்லை. வெயிலில் விறைத்து மடிப்பில் வெடிக்கும். கயிறு கோக்கிற உலோக வளையமான ஐலெட்டை அடித்தால் அந்த இடத்திலேயே கிழியும்.

தென்னங்கீற்றைப் பற்றியும் கேட்பார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் வெயிலுக்கு அதைவிட நல்ல மூடி இல்லை. நிழலும் தரும், காற்றும் விடும். மழைக்கு வேண்டாம். நனைந்து கனத்து, மக்கி, எலிக்கு வீடாகிவிடும்.

இனி வாங்கும் விதம். ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் ஷீட்டின் கிராம் எடை. ஆகவே தராசு இருந்தால் ஏமாற்ற முடியாது. நீளம், அகலத்தை அடியில் பெருக்கி 10.76ஆல் வகுத்தால் சதுர மீட்டர் வரும், அதை ஜிஎஸ்எம்மால் பெருக்கினால் எடை. 15க்கு 33 அடி ஷீட் 46 சதுர மீட்டர். 200 ஜிஎஸ்எம் என்று சொன்னால் 9.2 கிலோ நிற்க வேண்டும். ஐந்தரை கிலோதான் நிற்கிறது என்றால் அது 120. சில ஷீட்டுகளில் அளவும் அடிக்கு அடி வராது, ஓரம் மடிப்பதற்கு முன் இருந்த வெட்டு அளவைச் சொல்லி விற்பார்கள். டேப் போட்டு அளந்துதான் எடுக்க வேண்டும். பிறகு விரித்து வெயிலுக்கு நேரே தூக்கிப் பாருங்கள். ஊசி முனை வெளிச்சம் தெரிந்தால் மடித்து வைத்துவிட்டு அடுத்ததைக் கேளுங்கள்.

ஓரம் பார்ப்பது அதைவிட முக்கியம். மடிப்புக்குள் கயிறு ஓடியிருக்க வேண்டும். மூலைகளில் கூடுதல் ஒட்டு இருக்க வேண்டும். ஐலெட் அலுமினியம் என்றால் உப்புக்காற்றில் வெள்ளைப் பொடியாக உதிரும், பித்தளை கேளுங்கள். மூன்றடிக்கு ஒன்று என்று அடித்திருந்தால் கடற்கரைக்குப் போதாது, ஒன்றரை அடிக்கு ஒன்று அடித்துத் தரச் சொல்லலாம். திருப்பாதிரிப்புலியூரிலோ புதுச்சேரி நகரத்திலோ சொந்தமாக ஒட்டிக் கொடுக்கிற கடைக்குப் போனால் வேண்டிய அளவிலேயே வாங்கலாம்.

அளவு எப்படி வருகிறது என்றால், நடு முகடு விளிம்பிலிருந்து மூன்றடி உயரம் நிற்க வேண்டும். ஆறரை அடி அகலப் படகில் ஒரு பக்கச் சரிவு நாலரை அடி. அதற்குமேல் விளிம்புக்குக் கீழே இரண்டரை முதல் மூன்றடி தொங்க வேண்டும். இரண்டு பக்கமும் சேர்த்து 15 அடி. நீளத்தில் முன்னும் பின்னும் இரண்டரை அடி கூட்டினால் 33. முகடு மூன்றடிக்குக் குறைந்தால் சரிவு படுத்துவிடும், தண்ணீர் குளம் கட்டும். ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் இடத்தில் 10 செ.மீ. தேங்கினாலே 100 கிலோ. அந்தப் பாரம் ஷீட்டை இன்னும் தொங்கவைக்கும், தொங்கினதில் இன்னும் தண்ணீர் சேரும், விடியும்போது கம்பு முறிந்திருக்கும். ஷீட் மட்டம் என்று பழி சொல்கிற பல இடங்களில் உண்மையில் குற்றவாளி இந்தக் குளம்தான்.

சட்டத்துக்கு மூன்று அங்குலம் பருமனுள்ள சவுக்குக் கம்பு போதும், நம் பக்கத்தில் அதற்குப் பஞ்சமில்லை. பெருக்கல் குறி போல இரண்டு கம்பைக் கட்டி நான்கு இடத்தில் நிறுத்தி, மேலே முகட்டுக் கம்பு ஓட்ட வேண்டும். கால்களைப் படகுக்கு வெளியே மணலில் ஊன்றாதீர்கள். மழையில் மணல் அரித்ததும் ஒரு கால் இறங்கி முகடு கோணும். படகுக்குள் குறுக்குப் பலகையில் நிறுத்தி விளிம்போடு சேர்த்துக் கட்டுவதே நிலையானது. சட்டங்களுக்கு இடையே, சரிவின் பாதியில், பக்கத்துக்கு இரண்டு நைலான் கயிறு முன்னிருந்து பின்னாக இழுத்துக் கட்டிவிட்டால் ஷீட் பள்ளம் விழாது. கம்பு முனை, முடிச்சு, படகு விளிம்பு, எஞ்சின் தாங்கி என்று ஷீட் தொடுகிற எல்லா இடத்திலும் சாக்கோ பழைய டயர் டியூபோ சுற்றுங்கள். முனை வெளியே தெரியாதபடி டியூபை மடித்து, கம்பியில்லாமல் கயிற்றால் கட்டுவது நல்லது. கம்பி துருப்பிடித்து அதுவே ஷீட்டைக் குத்தும்.

கட்டும்போது ஐலெட்டில் நேராகக் கயிறு போட்டால் ஒவ்வொரு காற்று அடிக்கும்போதும் அதே வளையத்தில் வெட்டு விழும். நடுவில் ஒரு சாண் சைக்கிள் டியூப் வைத்துக் கட்டினால் அது இழுபட்டுக் கொடுக்கும். ஐலெட் பிய்ந்துவிட்டால், ஷீட்டுக்குள் ஒரு கூழாங்கல்லை வைத்துக் குமிழாகப் பிடித்து அதன் கழுத்தில் கயிறு போடுங்கள். அது ஐலெட்டைவிடப் பலம். கயிறு படகின் அடியில் ஓடி எதிர்ப்பக்கம் வர வேண்டும், அதற்காகப் படகைக் கட்டையில் ஏற்றும்போதே கயிறுகளைக் கீழே விட்டுவிட வேண்டும். எல்லாம் முடிந்தபின் மேலே பழைய வலையை விரித்து இறுக்கினால் ஷீட் படபடக்காது. படபடப்பை நிறுத்துவதே ஷீட்டின் ஆயுளில் பாதி. படகையும் அதுதான் காப்பாற்றும், ஏனென்றால் இடையில் மணல் சிக்கிய ஷீட் காற்றில் ஆடினால் உப்புத்தாள் தேய்ப்பதுபோல ஜெல் கோட்டை மங்கடித்துவிடும்.

அந்த அளவில் ஷீட் கிடைக்காமல் இரண்டு துண்டாகப் போட நேர்ந்தால் ஒன்றின் மேல் ஒன்று இரண்டடி ஏறியிருக்க வேண்டும். வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வரும். அணியம், அதாவது படகின் முன்பக்கம், கடலைப் பார்த்து நிற்கிற படகில் முன் துண்டு மேலேயும் பின் துண்டு அதற்கு அடியிலும் இருந்தால்தான் காற்று இடுக்கில் புகுந்து தூக்காது.

அணியம் கடலைப் பார்ப்பதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. மணல் சரிவில் முன்பக்கம் தாழ்ந்து நிற்கும், தண்ணீர் வெளியேறுகிற ஓட்டையோ பின்பக்கம். அணியத்துக்குக் கீழே கட்டை கொடுத்து, பின்பக்கத்தைவிட ஆறு அங்குலமாவது உயரும்படி வைத்து, தக்கையைப் பிடுங்கிவிடுங்கள். எந்த மூடியும் நூறு சதவீதம் தடுக்காது. உள்ளே வருகிற தண்ணீர் தானாகப் போய்விட்டால் கவலை இல்லை. பிடுங்கிய தக்கையைக் கயிறு கட்டிப் பின்பலகையிலேயே தொங்கவிட்டால் தைப் பொங்கல் கழித்துத் தேட வேண்டியதில்லை. ஓட்டையில் மணலும் செதிலும் அடைக்கும், மழை விட்ட ஒவ்வொரு முறையும் குச்சி விட்டுப் பாருங்கள்.

முன்னும் பின்னும் முகட்டுக்கு அடியில் ஒரு அடி இடைவெளி திறந்தே இருக்கட்டும். பிளாஸ்டிக் ஷீட் எதுவும் மூச்சு விடாது. நான்கு பக்கமும் இறுக்கி மூடினால் மார்கழிப் பனியில் ஷீட்டின் உட்பக்கம் வேர்த்துச் சொட்டி, வெளியே மழை இல்லாத நாளிலும் உள்ளே ஈரமாகவே இருக்கும். உப்பு ஊறிய வலையும் கயிறும் அந்த ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், ஆகவே அவற்றைக் கரையேற்றிவிட வேண்டும். அவுட்போர்டு எஞ்சினையும் அப்படியே: நல்ல தண்ணீரில் ஓட்டிக் கழுவி, கழற்றி, நிமிர்த்தி நிறுத்தி வீட்டில் வைப்பதுதான் சரி. எரிபொருள் டேங்கைப் படகில் விட்டால் டேங்கின் மூடி வழியாகத் தண்ணீர் இறங்கும்.

புயல் வந்தால் என்ன செய்வது என்பதில் பலருக்குத் தப்பான எண்ணம் இருக்கிறது. இன்னும் இறுக்கிக் கட்டுவார்கள். 46 சதுர மீட்டர் ஷீட் அந்தக் காற்றில் பாய்மரம்தான், படகையே புரட்டும். கடலூர், புதுச்சேரித் துறைமுகங்களில் 3ஆம் எண் கூண்டு ஏறியதும் கட்டுகளைச் சரிபார்த்து, 5 அல்லது அதற்கு மேல் போனால் ஷீட்டையும் சட்டத்தையும் இறக்கிவிடுங்கள். தக்கை திறந்திருக்கட்டும், படகுக்குள் மணல் மூட்டை இறக்குங்கள், முன்னும் பின்னும் தனித்தனிக் கயிறு போட்டு மேட்டில் கட்டுங்கள். 2011 டிசம்பர் 30இல் தானே புயல் கரை கடந்தபோது அடித்ததுபோன்ற காற்றில் நிற்கும் ஷீட் சந்தையில் இல்லை. 9 கிலோ ஷீட்டை ஒரே ஆள் கழற்றி மடித்துத் தூக்கிப் போக முடியும் என்பதும் அதை முதலிடத்தில் வைத்ததற்கு ஒரு காரணம்.

கிழிசலுக்கு வீட்டிலிருக்கும் பசையை நம்ப வேண்டாம். பாலித்தீனில் எந்தச் சாதாரணப் பசையும் நிற்காது. உலர்த்தித் துடைத்து, தார்ப்பாய்க்கென்று விற்கிற டேப்பை இரண்டு பக்கமும் ஒட்டலாம், அல்லது கடையில் சூடு வைத்து ஒட்டு போடலாம். லாரித் தார்ப்பாய்க்கு மட்டும் பி.வி.சி. பசை பிடிக்கும்.

மழைக்காலம் முடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, நன்றாகக் காயவைத்து, பழைய மடிப்பிலேயே மடிக்காமல் சுருட்டி, எலி ஏறாத பரணில் போடுங்கள். சித்திரை வெயிலில் படகின் மேலேயே விட்டுவைத்த ஷீட் அடுத்த ஐப்பசியில் விரிக்கும்போது கையோடு பிய்ந்து வரும்.