பெர்லினில் வாடகை வீடு என்று சொல்லி 2,19,400 ரூபாயைச் சுருட்டிவிட்டார்கள். வெளிநாட்டில் வீடு தேடுகிறவர்கள் தயவுசெய்து படியுங்கள்

எங்களை ஏமாற்றிய விளம்பரத்தில் இருந்த அதே சமையலறைப் படம் இன்று காலை மறுபடி ஒரு விளம்பரத்தில் வந்திருக்கிறது. அதே மஞ்சள் ஓடு, ஜன்னலோரம் அதே பச்சைத் தொட்டி. ஓனர் பெயர் மட்டும் வேறு, வாடகை 40 யூரோ குறைவு. அதைப் பார்த்ததும் கை கால் நடுங்கிவிட்டது. ‘வெளியே சொல்லாதே, அசிங்கம்’ என்று அப்பா சொன்னதையும் மீறித்தான் எழுதுகிறேன். ஏமாறாமல் இருக்க என்னென்ன பார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

நாங்கள் பெங்களூரு அல்சூரில் இருக்கிறோம். தம்பிக்கு பெர்லினில் மேல்படிப்புக்கு இடம் கிடைத்தது, அக்டோபரில் வகுப்பு. மாணவர் விடுதியில் வெயிட்டிங் லிஸ்ட். வாடகை வீட்டு விளம்பரங்கள் வரும் ஒரு பெரிய இணையதளத்தில் நாற்பது பேருக்கு மேல் எழுதினான். ஒருத்தரும் பதில் போடவில்லை. ஜெர்மனியில் வீட்டுக்குக் குடி போன 2 வாரத்துக்குள் முகவரியைப் பதிய வேண்டும், ‘ஆன்மெல்டுங்’ என்பார்கள். அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட கடிதம் வேண்டும். அந்தக் கடிதம் தராத இடத்தில் தங்கிப் பிரயோஜனமில்லை என்று பையன் தூங்காமல் கிடந்தான்.

அப்போதுதான் இந்தப் பொம்பளை இருபதே நிமிடத்தில் பதில் போட்டாள். ரிட்டையர்டு டீச்சராம், ஸ்பெயினில் மகளோடு இருக்கிறாளாம். பதிவுக் கடிதம் கண்டிப்பாகத் தருவாளாம். சிகரெட் பிடிப்பாயா, ராத்திரியில் சத்தமாகப் பாட்டுப் போடுவாயா, அப்பா என்ன வேலை, எத்தனை வருஷம் இருப்பாய் என்று கேள்வி மேல் கேள்வி. அம்மா அதில்தான் விழுந்தார். “இவ்ளோ விசாரிக்கிறாங்கன்னா பொறுப்பானவங்கதான்டி” என்றார். எந்த ஊர், என்ன ஆளுங்க, கறி சமைப்பீங்களா என்று வாசலில் நிற்க வைத்துக் கேட்ட ஓனர்களிடமே இருபது வருஷம் குடியிருந்தவர் அவர். விசாரிக்கிற ஓனர் நல்ல ஓனர் என்பது அவர் கணக்கு.

வாடகை 720 யூரோ, அட்வான்ஸ் இரண்டு மாதம். பெங்களூரில் பத்து மாச அட்வான்ஸ் கொடுத்துப் பழகிய நமக்கு அது ஒரு தொகையாகவே படவில்லை. “ரெண்டு மாசம்தானா?” என்று அப்பா சந்தோஷப்பட்டார். ஒரு மாத வாடகையும் சேர்த்து 2,160 யூரோ. தம்பி பெயரில் விசாவுக்காகப் போட்ட 11,904 யூரோ பிளாக்டு அக்கவுண்டில் இருக்கிறது. அதில் மாதம் 992 யூரோதான் எடுக்க முடியும், அதுவும் அங்கே போய்ச் சேர்ந்த பிறகு. அதனால் அம்மா சீட்டு எடுத்த பணத்தைப் போட்டோம். பேங்க் கமிஷன் எல்லாம் சேர்த்து 2,19,400 ரூபாய்.

பேங்க் கவுண்டரில் இருந்த பெண் அவள் அனுப்பியிருந்த வாடகை ஒப்பந்தத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “இவங்க உங்களுக்குத் தெரிஞ்சவங்களா மேடம்?” என்று கேட்டார். அம்மா என் முகத்தைப் பார்த்தார். நான்தான் “ஆமாம்” என்றேன். அந்த ஒரு வார்த்தையை நினைத்தால் இன்னும் சோறு இறங்கவில்லை.

பணம் போய்ச் சேர்ந்ததும் சாவியைக் கூரியரில் அனுப்பியதாகச் சொன்னாள். நாலு நாள் கழித்து, கூரியர் இன்சூரன்ஸுக்கு இன்னும் 300 யூரோ அனுப்பச் சொன்னாள். அதற்குள் தம்பி பெர்லினில் இறங்கிவிட்டான். பெட்டியோடு யு6 ரயில் பிடித்து வெட்டிங் பகுதிக்குப் போய் அந்தக் கட்டிடத்து வாசலில் நின்று வீடியோ கால் போட்டான். அங்கே பெல் பட்டனுக்குப் பக்கத்தில் ஃபிளாட் நம்பர் இருக்காது, குடும்பப் பெயர்தான் எழுதியிருக்கும். வரிசையாக எல்லாப் பெயரையும் மூன்று தடவை வாசித்தான். அவள் பெயர் இல்லை. “அக்கா, இல்லக்கா” என்று மட்டும் சொன்னான்.

அன்று ராத்திரி விளம்பரப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அடுப்புக்கு மேலே இருந்த பிளக் பாயிண்டில் பட்டையாக மூன்று ஓட்டை, பக்கத்திலேயே சின்ன சுவிட்ச். அது இங்கிலாந்து பிளக். ஜெர்மனியில் வட்டக் குழிக்குள் இரண்டு ஓட்டைதான், தம்பி தன் அறையிலிருந்து படம் எடுத்து அனுப்பினான். எந்த ஊர் வீட்டையோ காட்டி ஏமாற்றியிருக்கிறாள். படம் முதல் நாளிலிருந்தே எங்கள் கையில்தான் இருந்தது!

அதற்கப்புறம் அலைந்தது தனிக் கதை. விளம்பரத் தளத்துக்கு எழுதினால், நாங்கள் விளம்பரம் மட்டும்தான் போடுகிறோம், பணத்துக்குப் பொறுப்பில்லை என்று அச்சடித்த மாதிரி ஒரே பதில், மூன்று முறை. விளம்பரத்தை நீக்கிவிட்டார்களாம். நீக்கிய லட்சணம் இன்று காலை தெரிந்துவிட்டது. பேங்கில் கேட்டால், பணம் அந்தக் கணக்கில் ஏறிவிட்டது, திருப்பிக் கேட்டு மெசேஜ் அனுப்பலாம், ஆனால் பணம் வாங்கியவரே சம்மதிக்க வேண்டுமாம். திருடினவள் சம்மதிப்பாளா? சைபர் மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்கு போன் போட்டுப் புகார் பதிந்தோம். சைபர் போலீஸ் ஸ்டேஷனில் வெளிநாட்டு அக்கவுண்ட் என்றதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்கள். பெர்லின் போலீஸுக்குத் தம்பி ஆன்லைனில் புகார் கொடுத்திருக்கிறான். 2,19,400 ரூபாய்க்கு எங்கள் கையில் இருப்பது இரண்டு புகார் எண்கள்தான்.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன். எழுத உட்கார்ந்தால் ஆத்திரத்தில் எதுவும் வரவில்லை. இவ்வளவுதான்:

நம்ம ஆள் ஒருத்தர் அந்த வீட்டுக்குள் கால் வைக்காமல் ஒரு பைசா அனுப்பாதீர்கள். முதலில் ஒரு மாதத்துக்குத் தற்காலிகமாக எங்காவது தங்கிக்கொண்டு நேரில் தேடுங்கள்.

ஜெர்மனி சட்டப்படி அட்வான்ஸ் அதிகபட்சம் மூன்று மாத வாடகை, அதுவும் இதர செலவு சேர்க்காத வாடகை. அதையும் மூன்று தவணையாகக் கட்டலாம், முதல் தவணை குடித்தனம் தொடங்கும்போதுதான். சாவிக்கு முன்னால் முழுசாகக் கேட்டால் ஓடிவிடுங்கள்.

பணம் அனுப்பச் சொல்லும் ஐரோப்பியக் கணக்கு எண்ணின் (ஐபான்) முதல் இரண்டு எழுத்தைப் பாருங்கள், அது எந்த நாட்டுக் கணக்கு என்று சொல்லும். ஜெர்மனி என்றால் டிஇ. எங்களுடையது எல்டி, லித்துவேனியா. பெர்லின் வீடு, ஸ்பெயினில் ஓனர், லித்துவேனியாவில் கணக்கு. கேட்கத் தோன்றவில்லை எங்களுக்கு.

பாஸ்போர்ட் காப்பி அனுப்பினாள் என்று நம்பாதீர்கள், அதுவும் யாரிடமோ திருடியதாக இருக்கலாம். பதிலுக்குத் தம்பி தன் பாஸ்போர்ட்டையும் அனுப்பியிருக்கிறான், அந்தப் பயம் வேறு.

மஞ்சள் ஓடு, ஜன்னலில் பச்சைத் தொட்டி, அடுப்புக்கு மேல் மூன்று ஓட்டை பிளக். இந்தப் படம் கண்ணில் பட்டால் பதில் போடாதீர்கள். பெர்லினுக்குக் கிளம்பும் பிள்ளைகள் யாராவது இருந்தால் இன்றைக்கே காட்டுங்கள்.