காட்டுப்பன்றிக் காவலுக்குத் தெர்மல் மோனோகுலர்: 10 மி.மீ. லென்ஸ் எதுவரை தாங்கும்?

முதலில் ஒன்று: துப்பாக்கியில் மாட்டும் தெர்மல் ஸ்கோப் நமக்கு வேண்டாம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, அனுமதியில்லாமல் காட்டுப்பன்றியை வேட்டையாடுவது குற்றம். மதுரை மாவட்டம் பேரையூர், சாப்டூர் பக்கம் மக்காச்சோளத்துக்குக் காவல் இருப்பவருக்கு, பன்றி எந்த வரப்பில் ஏறுகிறது என்று அதன் உடல் சூட்டை வைத்துக் காட்டும் ஒற்றைக்கண் கைக்கருவியான தெர்மல் மோனோகுலர் போதும். அதில் மலிவான ரகம் 256×192 புள்ளிகள் (பிக்சல்) உள்ள சென்சார், ஒவ்வொரு பிக்சலும் 12 மைக்ரான், 10 மி.மீ. லென்ஸ்.

அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் தூரத்தை நம்பாதீர்கள். அது ஆளுயர உருவம் ஓரிரு புள்ளியாகத் தெரியும் தூரம். நீங்களே கணக்குப் போடலாம்: பிக்சல் அளவை லென்ஸின் குவியத்தூரத்தால் (10 மி.மீ. என்பது அதுதான்) வகுத்து, தூரத்தால் பெருக்குங்கள். 12 மைக்ரானும் 10 மி.மீ.யும் என்றால் 100 மீட்டரில் ஒரு பிக்சலுக்கு 12 செ.மீ. முக்கால் மீட்டர் உயரப் பன்றி ஆறு பிக்சல்தான். பன்றியா நாயா என்று சொல்ல அதுவே விளிம்பு. 200 மீட்டரில் வெறும் வெள்ளைப் பொட்டு.

19 மி.மீ. லென்ஸ் இந்தத் தூரத்தை ஏறக்குறைய இரட்டிப்பாக்கும். ஆனால் 100 மீட்டரில் பார்வை அகலம் 31 மீட்டரிலிருந்து 16 மீட்டராகச் சுருங்கிவிடும். காட்டைத் துழாவுவதற்குள் பன்றி உள்ளே போய்விடும். காசு இருந்தால் 384×288 சென்சாரோடு 19 மி.மீ. எடுங்கள், 24 மீட்டர் அகலம் கிடைக்கும். ஓரிரண்டு ஏக்கருக்கு 10 மி.மீ. தாராளம்.

விற்பவர் "1024×768" என்றால் அது பெரும்பாலும் உள்ளே இருக்கும் திரையின் அளவு. சென்சார் எவ்வளவு என்று கேளுங்கள். எட்டு மடங்கு டிஜிட்டல் ஜூம் என்பதும் அதே புள்ளிகளை ஊதிக் காட்டுவதுதான்.

வெப்ப நுணுக்கம், அதாவது கருவி பிரித்துக் காட்டும் மிகச் சிறிய சூட்டு வித்தியாசம், 40 மில்லிகெல்வினா, 25-ஆ என்பது நம் ஊரில் முக்கியம். எண் குறையக் குறைய நல்லது. சித்திரையில் கரிசலும் பாறையும் இருட்டிய பின்னும் சூட்டை விடாது. முன்னிரவில் பன்றியும் தரையும் ஒரே நிறமாகக் குழம்பும். விடியற்காலை மூன்று, நான்கு மணிக்குப் படம் பளிச்சென்று இருக்கும். ஐப்பசி, கார்த்திகைத் தூறலில் 40 உள்ள கருவி மங்கிவிடும். எந்தக் கருவியும் அடர்ந்த சோளத்தட்டைக்குள் ஊடுருவாது. பரணிலிருந்து வரப்பையும் ஓடைக்கரையையும் பாருங்கள்.

கண்ணாடி வழியாகவும் தெரியாது, ஜீப்புக்குள் உட்கார்ந்து பார்க்க வேண்டுமானால் கண்ணாடியை இறக்க வேண்டும். அவ்வப்போது 'டிக்' என்று படம் உறைந்தால் பழுதில்லை, ஷட்டர் மூடிச் சென்சாரைச் சரிசெய்கிறது. சூரியனை நோக்கிப் பிடித்தால் மட்டும் சென்சார் நிரந்தரமாகக் கெட்டுவிடலாம்.

ஏசிக் கடைக்குள் எல்லாப் படமும் அழகு. வெளியே எடுத்துப் போய், நடந்து போகும் ஆளைத் தொடர்ந்து பாருங்கள்; படம் வெட்டி வெட்டி வந்தால் 9 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 9 படம்), தவிருங்கள். 25 ஹெர்ட்ஸ் இருக்க வேண்டும். கழற்றி மாற்றும் 18650 பேட்டரி (உருளை வடிவ லித்தியம் பேட்டரி) உள்ளதாகவும் பாருங்கள், உள்ளேயே பொதித்த பேட்டரி நள்ளிரவில் தீர்ந்தால், பவர் பேங்க் இல்லாமல் வயலில் சார்ஜ் போட வழியில்லை.