14 மட்டை, 165,000 ரூபா: கோல்ஃப் செட் வாங்கப் போகிறவர்கள் வாசியுங்கள்

யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு கோல்ஃப் எதற்கு என்று கேட்பீர்கள். கனடாவில் இருக்கும் அத்தான் போன வருடம் வந்தபோது என்னைத் திகன விக்டோரியா மைதானத்துக்குக் கூட்டிப்போனார். அன்று ஒரே ஒரு பந்து நேராக எழும்பிப் போனது. அதோடு எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது.

வருடப்பிறப்புக் கழிந்த கையோடு டவுனில் ஒரு கடையில் பாவித்த செட் ஒன்றைக் கண்டேன். "அண்ணை, வெளிநாட்டில இருந்து இறக்கினது. முழுசாப் பதினாலு மட்டை இருக்கு" என்றார் முதலாளி. விதிப்படி பையில் 14க்கு மேல் வைத்திருக்கக் கூடாது. அது உச்ச வரம்புதான், பழகுகிறவனுக்கு அத்தனையும் தேவையில்லை என்பது அப்போது மண்டையில் ஏறவில்லை. கிரிக்கெட் மட்டை என்றால் தட்டிப் பார்த்தே சொல்லிவிடுவேன். இதில் பளபளப்பைப் பார்த்துக் காசை எண்ணிக் கொடுத்தேன்.

நல்லூர்க் கொடியேற்றத்துக்கு அத்தான் வந்தார். பையை முற்றத்தில் கவிழ்த்து, அயன் எனும் இலக்கமிட்ட உலோகத்தலை மட்டைகளை வரிசையாகச் சுவரோடு சாத்தினார். இலக்கம் கூடக் கூட மட்டை குட்டையாக வேண்டும், ஒவ்வொன்றும் ஏறத்தாழ அரை அங்குலம், படிக்கட்டு இறங்குவது போல. என்னுடையதில் 6உம் 8உம் ஒரே உயரம். நடுவில் நின்ற 7 இரண்டையும் விடக் குட்டை. மூன்று பேருடைய பழைய பைகளில் பொறுக்கிச் சேர்த்த செட் அது.

அப்புறம் டிரைவர், அதாவது தூரம் அடிக்கிற பெரிய தலை மட்டை. தலையில் டைட்டேனியம் என்று எழுதியிருந்தது. குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்த காந்தத்தைக் கழற்றி வைத்தார், டக்கென்று ஒட்டியது. டைட்டேனியத்தில் காந்தம் ஒட்டாது. தலையும் தண்டும் சேரும் இடத்துக் கறுப்பு வளையம் மேலே நகர்ந்து கிடந்தது. பசை விட்டுப்போகிறது என்று அர்த்தமாம். ஓங்கி வீசியிருந்தால் தலை பக்கத்து வீட்டு முருங்கையில் போய் நின்றிருக்கும். பிடி ரப்பர் உருகி, கை முழுக்கத் தார் பூசியது போலானது.

தண்டுகளில் ஸ்டிஃப் என்று அச்சிட்டிருந்தது. வேகமாக வீசுகிறவர்களுக்கான விறைத்த தண்டு. என்னைப் போல மெதுவாக வீசினால் பந்து தாழ்வாக, வலது பக்கம் ஓடும். இத்தனை நாளும் என் கையில்தான் பிழை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்!

கடைசியாக சாண்ட் வெட்ஜை, மணலுக்குள் விழுந்த பந்தைக் கிளப்புகிற மட்டையை, தூக்கிப் பார்த்துவிட்டு அத்தான் சிரித்த சிரிப்பு இருக்கிறதே. "தம்பி, இது இடக்கைக்காரன்ர மட்டையடா."

கடைக்குப் போனோம். விற்ற சாமான் விற்றதுதான் என்றார்கள். பில்லில் 'விளையாட்டுச் சாமான்' என்று மட்டும் இருந்தது. நுகர்வோர் அதிகாரசபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் முறையிடலாம்தான், ஆனால் வாங்கி மூன்று மாதத்துக்குள் முறையிட வேண்டும். எனக்கு நாலாவது மாதம் நடந்தது. நீங்கள் வாங்கினால் பில்லில் ஒவ்வொரு மட்டையையும் எழுதிக் கேளுங்கள், அன்றைக்கே எல்லாவற்றையும் பிரித்துப் பாருங்கள்.

இப்போது அத்தான் விட்டுப்போன 7ஆம் இலக்க அயன் ஒன்றோடுதான் பழகுகிறேன். அது கைக்கு வந்தபின் தூரம் அடிக்க ஒரு ஹைபிரிட், 9ஆம் இலக்க அயன், வலக்கை வெட்ஜ், பந்தைக் குழிக்குள் உருட்ட ஒரு பட்டர். அவ்வளவுதான்.

போன கிழமை அந்தக் கடையைத் தாண்டிப் போனேன். கண்ணாடிக்குள் இன்னொரு பை நிற்கிறது. '14 மட்டை' என்று அட்டை தொங்குகிறது.