மண்ணடியில் தமிழ் வழியாகச் சீனம்: ஒரு மாலை வகுப்பு

தம்பு செட்டித் தெருவில், பழைய கட்டடம் ஒன்றின் இரண்டாம் மாடியில் நடக்கும் சீன மொழி வகுப்பு இது. நான் பக்கத்தில் லிங்கி செட்டித் தெருவில் ஒரு கிளியரிங் ஆபீஸில் டாக்குமென்ட் வேலை பார்க்கிறேன். பேக்கிங் லிஸ்ட், பில் ஆஃப் என்ட்ரி, குவாங்சோ சப்ளையரோடு மெசேஜ் என்று பொழுது போகும். வேலைக்கு உதவுமே என்றுதான் சேர்ந்தேன். இப்போது அந்த மொழியின் மீதே பிரியம் வந்துவிட்டது.

இதற்கு முன் காசு கட்டிப் படித்த ஓர் ஆன்லைன் கோர்ஸ் ஆங்கில வழி. எழுவாய், வினை, செயப்படுபொருள், இதுதான் சீன வரிசை என்று முதல் பாடத்திலேயே முடித்துவிட்டார்கள். ஆனால் சப்ளையர் அனுப்புவது அப்படி இருக்காது. "ஹுவோ ஹாய் மெய் ஃபா" என்று வரும். ஹுவோ என்றால் சரக்கு. சரக்கா அனுப்பும்?

இங்கே டீச்சர் அந்த வாக்கியத்தையே போர்டில் எழுதி, கீழே தமிழில் "சரக்கு இன்னும் அனுப்பலை" என்று எழுதினார். யார் அனுப்பவில்லை? நானா, நீயா, அவர்களா? தமிழிலும் இல்லை. வந்தேன், வந்தாய், வந்தார் என்று வினை முடிவிலேயே ஆளைக் காட்டும் நம் மொழி, "வரவில்லை" என்றால் மட்டும் யாரையும் காட்டுவதில்லை. சீனத்தில் எல்லா வினையுமே அப்படித்தான். அதனால் எதைப் பற்றிய பேச்சு என்பதை முதலில் வைத்துவிட்டு, அதைப் பற்றிச் சொல்ல வேண்டியதை அப்புறம் சொல்கிறார்கள். அமெரிக்காவில் பேராசிரியராக இருந்த சீன மொழியியலாளர் ஜாவ் யுவான்ரென் 1968-லேயே இதை எழுதிவிட்டாராம். சீன எழுவாயைச் செய்தவர் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, பேச்சின் பொருள் என்று எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது அவர் கட்சி.

சீனர்களுக்குள்ளேயே இது பெரிய சண்டையாக இருந்திருக்கிறது. "மேடை மேல் உட்கார்ந்திருக்கிறது தலைமைக் குழு" என்ற வரிசையில் அவர்களிடம் ஒரு வாக்கியம் உண்டு. எழுவாய் முன்னால் நிற்கும் மேடையா, உட்கார்ந்திருக்கும் குழுவா? 1955, 56-இல் இலக்கண ஆசிரியர்கள் இந்த மாதிரி வாக்கியங்களை வைத்து விவாதித்துத் தள்ளினார்கள். டீச்சர் இதைச் சொன்ன அன்று வகுப்பும் இரண்டாகப் பிரிந்து வாதாடியது. நான் மேடை பக்கம்.

எனக்கு மிகவும் பிடித்த பாடம் விருந்தாளி பாடம். "கெரென் லாய் ல" என்றால் நாம் எதிர்பார்த்திருந்த விருந்தாளி வந்தாச்சு. அதையே "லாய் கெரென் ல" என்று திருப்பிப் போட்டால் யாரோ விருந்தாளி வந்திருக்கிறார்கள், நாம் எதிர்பார்க்கவில்லை. தெரிந்தது வினைக்கு முன்னால், புதியது பின்னால். வரிசையை மாற்றினாலே இவ்வளவு மாறுகிறது.

நம்மிடம் ஐ உருபு இருப்பதால் "பூனையை நாய் கடித்தது" என்றாலும் "நாய் பூனையைக் கடித்தது" என்றாலும் கடித்தது நாய்தான். சீனத்தில் உருபு கிடையாது. நாயையும் பூனையையும் இடம் மாற்றினால் கடிபடுவது நாயாகிவிடும். ஆனால் செயப்படுபொருளை வினைக்கு முன் கொண்டுவர "பா" என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். "வோ பா ஸியாங்ஸி தாகாய் ல": நான் பெட்டியைத் திறந்துவிட்டேன். ஏதோ ஒரு பெட்டிக்கு இது வராது, இருவருக்கும் தெரிந்த அந்தப் பெட்டிக்குத்தான் வரும். நாம் "பெட்டி வாங்கினேன்", "பெட்டியை வாங்கினேன்" என்று பிரிக்கிறோமே, அதே கணக்கு. ஆங்கில வழியில் படித்தபோது புரியாமலே கிடந்த "பா", டீச்சர் இதைச் சொன்ன அன்றே பிடிபட்டுவிட்டது. நேரம், இடம் எல்லாம் வினைக்கு முன்னால் வருவதும், "நேற்று வந்த ஆள்" என்று அடைமொழி முன்னால் நிற்பதும்கூட நமக்குப் பழகிய வரிசைதான்.

குறைகளும் உண்டு. எழுத்துப் பயிற்சி போதாது, சீன உச்சரிப்பை ஆங்கில எழுத்தில் எழுதும் பின்யினிலேயே வண்டி ஓடுகிறது. காதால் கேட்டுப் பழகும் பயிற்சியை நாமேதான் வீட்டில் செய்துகொள்ள வேண்டும். அறை சிறியது, ஜன்னலைத் திறந்தால் தெருவில் மூட்டை இறக்கும் சத்தம், மூடினால் வேர்வை. ஹெச்.எஸ்.கே. என்ற சீன மொழித் திறன் தேர்வில் மார்க் வாங்குவது மட்டுமே குறி என்றால் வேறு இடம் பாருங்கள்.

மாதம் 2,500 ரூபாய். இந்தப் பாடத்துக்கு அது குறைவு என்றே சொல்வேன். பாரிமுனையில் இறங்கினால் நடந்தே வந்துவிடலாம். ஒரு வகுப்பு இலவசமாக உட்கார்ந்து பார்க்க விடுகிறார்கள். போகும்போது உங்களுக்குப் புரியாத சப்ளையர் மெசேஜ் ஏதாவது இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள், டீச்சர் அதை வைத்தே பாடம் எடுப்பார்.