நகரங்களை ஒப்பிட எந்த அளவுகோல்? மூன்று பார்வைகளும் ஜாம்பியாவின் சுரங்க நகரங்களும்

உலக நகரங்களை எப்படி ஒப்பிடுவது என்ற வாதத்தில் மூன்று பார்வைகள் முன்னிற்கின்றன. ஜாம்பியாவில் தாமிரச் சுரங்கங்கள் நிறைந்த காப்பர்பெல்ட் பகுதியின் நகரங்களில் வைத்துப் பார்த்தால் அவற்றின் வேறுபாடு நன்கு விளங்கும்.

உற்பத்தி உலகெங்கும் சிதறச் சிதற, அதை ஆட்டுவிக்கும் நிதி, சட்டம், தணிக்கைச் சேவைகள் ஒருசில நகரங்களில் குவிகின்றன என்று, நியூயார்க், லண்டன், டோக்கியோ ஆகியவற்றை ஆராய்ந்து 1991-இல் எழுதினார் சமூகவியலாளர் சாஸ்கியா சாசென். புவியியலாளர் பீட்டர் டெய்லரும் இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் அவருடன் இருந்த ஆய்வாளர்களும், அத்தகைய சேவை நிறுவனங்களின் அலுவலகங்களைக் கணக்கிட்டு, நகரங்களை ஆல்ஃபா, பீட்டா, காமா என வரிசைப்படுத்தினார்கள். தாமிரத்தின் விலை லண்டன் உலோகச் சந்தையில் ஏன் முடிவாகிறது என்பதை இந்த முதல் பார்வை சிறப்பாகவே விளக்குகிறது. அந்தத் தாமிரத்தை வெட்டியெடுக்கும் காப்பர்பெல்ட்டின் கிட்வே நகரைப் பற்றியோ அதனிடம் சொல்வதற்கு ஏதுமில்லை.

இந்த மௌனத்தைத்தான் புவியியலாளர் ஜெனிஃபர் ராபின்சன் 2002-இல் கேள்விக்குள்ளாக்கினார். எல்லா நகரங்களும் சாதாரண நகரங்களே, எந்த நகரிலிருந்தும் கோட்பாடு பிறக்கலாம் என்பது அவர் நிலைப்பாடு. அதற்கு வலுவான சான்று காப்பர்பெல்ட்டிலேயே இருக்கிறது. நகர வாழ்க்கை உறவுப் பிணைப்புகளைத் தளர்த்திவிடும் என்று சிகாகோவின் சமூகவியலாளர் லூயிஸ் வர்த் 1938-இல் எழுதியிருந்தார். காப்பர்பெல்ட்டின் லுவான்ஷியா நகரில் கலேலா என்ற குழு நடனத்தை ஆராய்ந்த மானுடவியலாளர் கிளைட் மிட்செல் 1956-இல் வேறொன்றைக் காட்டினார். மடிப்புக் கலையாத கால்சட்டையும் பளபளக்கும் காலணியுமாக ஆடியவர்கள், தம் பீசா இனத்தைப் புகழ்ந்து பிற இனங்களைக் கேலி செய்து பாடினார்கள். அங்கே இன அடையாளம் கிராமத்தின் மிச்சமாக அல்ல, முன்பின் அறியாதவர்களோடு பழகுவதற்கு நகரமே உருவாக்கிய வழியாக இருந்தது. இத்தனை நுட்பமான முடிவு பல பத்தாண்டுகள் நகரவியலின் ஓரத்திலேயே கிடந்தது வருத்தத்துக்குரியது.

மூன்றாவது பார்வை நகர ஆய்வாளர்கள் நீல் பிரென்னரும் கிறிஸ்டியன் ஷ்மிடும் முன்வைப்பது. சமூகம் முழுவதும் நகரமயமாகிறது என்று பிரெஞ்சுச் சிந்தனையாளர் ஆன்றி லெஃபெவ்ர் 1970-இல் முன்வைத்த கருதுகோளைத் தொடர்ந்து, சுரங்கமும் துறைமுகமும் கப்பல் வழியும்கூட நகரமயமாதலின் பகுதிகளே என்கிறார்கள். தாமிரக் குழியையும் லண்டனையும் ஒரே சட்டகத்தில் வைக்க இது உதவும். ஆனால் எல்லாமே நகரமயம் என்றான பிறகு, லுவான்ஷியாவின் தெருவுக்கு அதில் இடம் குறைகிறது.

ராபின்சனைப் போல நகரங்களின் தனித்தன்மையை வலியுறுத்துவோர் பொது விளக்கத்தையே கைவிடுகிறார்கள் என்று புவியியலாளர்கள் ஆலன் ஸ்காட்டும் மைக்கேல் ஸ்டார்ப்பரும் எதிர்த்தார்கள். மக்களும் தொழிலும் ஓரிடத்தில் திரள்வதும், அதனால் எழும் நிலப் பயன்பாட்டுச் சிக்கல்களும் எல்லா நகரங்களுக்கும் பொது என்பது அவர்கள் வாதம். எளிதில் தள்ளிவிடக்கூடிய வாதமன்று இது. ஆயினும் ராபின்சன் ஒப்பீட்டை மறுக்கவில்லை. லுவான்ஷியாவில் கிடைத்த விளக்கத்தைச் சிகாகோவின் குடியேறிகள் வாழும் தெருக்களில் சோதித்துப் பார்ப்பதும் ஒப்பீடுதான். எந்த நகரிலிருந்தும் ஒப்பீட்டைத் தொடங்கும் அந்த உரிமையைத்தான் அவர் கேட்கிறார்.