பேரேடு ஒன்றா, இரண்டா? கணக்கு அலுவலகத்துக்கு டெஸ்க்டாப்பா, கிளவுடா?

பல வாடிக்கையாளர்களின் கணக்கை எழுதி, ஆண்டுக் கடைசியில் முடித்துக் கொடுக்கும் அலுவலகம், சொந்தக் கணினியில் நிறுவும் டெஸ்க்டாப் மென்பொருளிலேயே இருக்கலாமா, வெளிச் சர்வரில் ஓடி இணையம் வழியாகத் திறக்கும் கிளவுடுக்குப் போகலாமா என்று கேட்டால் எங்கள் பதில் கிளவுட். தேர்ந்தெடுத்து, மாறி, அதிலேயே வேலை பார்ப்பவர்களின் பதில் என்பதால் சாய்வு இருக்கும். அந்தச் சாய்வுக்கு ஒரே காரணம், ஒரு வாடிக்கையாளரின் பேரேடு, அதாவது எல்லாப் பதிவுகளும் சேரும் கணக்குப் புத்தகம், எத்தனை பிரதிகளாக உலாவுகிறது என்பது. டெஸ்க்டாப்பில் ஆளுக்கொரு பிரதி, கிளவுடில் வாடிக்கையாளருக்கும் அலுவலகத்துக்கும் ஒரே பேரேடு. விளம்பரங்களில் முன்னே நிற்கும் செயற்கை நுண்ணறிவுக்கு (ஏஐ) எங்கள் கணக்கில் இரண்டாம் இடம்தான்.

தெரிந்த விஷயங்களை வேகமாகக் கடந்துவிடுவோம். கிளவுடை எங்கிருந்தும் திறக்கலாம், பேக்கப் கவலை குறைவு, புதுப் பதிப்பு தானாக வரும். டெஸ்க்டாப்பில் இணையம் போனாலும் வேலை நிற்காது. மவுஸைத் தொடாமல் கீபோர்டிலேயே வவுச்சர் போடும் வேகம் பிரவுசரில் கிடைப்பது கடினம். ஒரே தடவை காசு கொடுத்து வாங்கிய மென்பொருள் என்றால் பத்து ஆண்டு கழித்தும் பழைய கணக்கைத் திறக்கலாம். இதுவரை இரண்டும் ஏறக்குறைய சமம்.

ஆண்டு முடிப்பில்தான் வித்தியாசம் தெரியும். டிசம்பர் 31-இல் ஆண்டு முடியும் வாடிக்கையாளர் ஒருவர் பிப்ரவரி 10 அன்று பேக்கப் அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். அலுவலகம் அதை ரீஸ்டோர் செய்து தேய்மானம், கொடுபட வேண்டிய செலவு, முன்கூட்டிச் செலுத்திய காப்பீடு, இறுதிச் சரக்கு என்று பத்துப் பன்னிரண்டு சரிக்கட்டுப் பதிவுகளைப் போடுகிறது. அந்த நொடியிலிருந்து பேரேடு இரண்டு. வாடிக்கையாளரின் கணக்காளர் தன் பிரதியில் புது ஆண்டுப் பதிவுகளைத் தொடர்கிறார். 15-ஆம் தேதி ஒரு சப்ளையர், நிலுவை ஒத்துப்போகவில்லை என்று கூப்பிடுகிறார். தேடினால், நவம்பரில் வந்த 45,800-க்கான பில்லை 48,500 என்று ஏற்றியிருப்பது தெரிகிறது. கணக்காளர் அந்த நவம்பர் பதிவையே திறந்து திருத்திவிடுகிறார். திருத்தம் சரியானதுதான். அலுவலகத்தின் பிரதிக்கு மட்டும் அது தெரியாது.

கொள்முதலும் கடனீந்தோரும் (பணம் கொடுக்க வேண்டிய சப்ளையர்களின் நிலுவை) ஒருசேரக் குறைந்ததால் இரண்டு பிரதியிலும் இருப்பாய்வு, அதாவது எல்லாக் கணக்குகளின் பற்று, வரவு இருப்புப் பட்டியல், பொருந்தும், எங்கும் மணி அடிக்காது. கையெழுத்தாகும் அறிக்கையில் இலாபம் 2,700 குறைவு, கடனீந்தோர் 2,700 அதிகம். சரிக்கட்டுப் பதிவுகளை வாடிக்கையாளர் தன் பிரதியில் மறுபடி போட்ட பிறகும் அடுத்த ஆண்டின் தொடக்க இருப்பு, தணிக்கையான இறுதி இருப்போடு ஒட்டாது. வித்தியாசம் 9-ஆல் வகுபடுவதைப் பார்த்து, இலக்கம் இடம் மாறியிருக்கும் என்று அனுபவசாலி ஊகித்துவிடுவார். எந்த மாதம், எந்த பில் என்று கண்டுபிடிக்க அவருக்கும் அரை நாள் வேண்டும். நேரமில்லாத அலுவலகத்தில் அந்த 2,700, காரணம் தெரியாத தொகைகளைத் தற்காலிகமாக வைக்கும் அனாமத்துக் கணக்கில் போய் உட்காரும். ஐம்பது வாடிக்கையாளர் இருந்தால் ஐம்பது அனாமத்து.

மென்பொருள் செய்பவர்களுக்கும் இது தெரியும். குவிக்புக்ஸ் என்ற கணக்கு மென்பொருளின் டெஸ்க்டாப் பதிப்பில் கணக்காளர் பிரதி என்று ஒரு ஏற்பாடு உண்டு. ஒரு பிரிப்புத் தேதி வைத்து, அதற்கு முந்தைய பதிவுகளை அலுவலகத்தின் கணக்காளரும், பிந்தையவற்றை வாடிக்கையாளரும் மட்டுமே தொடும்படி செய்யலாம். நல்ல ஏற்பாடு. ஆனால் வாடிக்கையாளர் அவசரத்துக்குத் தன் பக்கத்துக் கட்டுப்பாட்டை நீக்கிவிட்டால், அலுவலகம் செய்த மாற்றங்களை அதில் இறக்கவே முடியாது. எல்லாவற்றையும் கையால் மறுபடி போட வேண்டியதுதான்.

யார், எப்போது, எதை மாற்றினார் என்று குறித்து வைக்கும் எடிட் லாக் டெஸ்க்டாப்பிலும் வந்துவிட்டதே என்று கேட்கலாம். வந்திருக்கிறது. டாலிபிரைம் என்ற டெஸ்க்டாப் மென்பொருளில் அணைக்கவே முடியாத எடிட் லாக் பதிப்பு இருக்கிறது. சிக்கல் என்னவென்றால், அந்த லாகும் தரவு இருக்கும் அதே இடத்தில்தான் இருக்கிறது. நேற்றைய பேக்கப்பை இன்று ரீஸ்டோர் செய்தால் இன்றைய பதிவும் போகிறது, அது நடந்தது என்ற தடமும் போகிறது. இதற்கு யாரும் தப்பான எண்ணத்தோடு இருக்க வேண்டியதில்லை, ஹார்ட் டிஸ்க் ஒருமுறை படுத்தால் போதும். கிளவுடில் பொதுவாகச் சர்வரை நேற்றைக்குத் திருப்பும் அதிகாரம் வாடிக்கையாளரிடமும் இல்லை, அலுவலகத்திடமும் இல்லை. குவிக்புக்ஸ் ஆன்லைனில் ஆடிட் லாகை நிறுத்த வழியில்லை, பதிவை அழித்தாலும் அழித்த பயனர் யார், எப்போது என்பது நிற்கும். தணிக்கைக்கு இதைவிட மதிப்பான வசதி வேறொன்று இருப்பதாக நாங்கள் நினைக்கவில்லை.

வசதி இருந்தால் போதாது, பூட்ட வேண்டும். ஒரு தேதி வரையிலான பதிவுகளை யாரும் மாற்ற முடியாதபடி செய்யும் பூட்டுத் தேதி தானாக விழாது. மாதாமாதம் வங்கிக் கணக்கைச் சரிபார்த்து, கடனாளிகள் பட்டியலின் மொத்தமும் கடனீந்தோர் பட்டியலின் மொத்தமும் அந்தந்தப் பேரேட்டுக் கணக்கோடு பொருந்துகின்றனவா என்று பார்த்துவிட்டு, அந்த மாதக் கடைசி வரை பூட்டுங்கள். ஜீரோ (Xero) என்ற கிளவுட் மென்பொருளில் இரண்டு அடுக்குப் பூட்டு இருக்கிறது: ஒன்று ஆலோசகர் உரிமை உள்ளவர் (இங்கே அலுவலகம்) தவிர மற்றவர்களுக்கு, இன்னொன்று எல்லோருக்கும். முதலாவதை மாதந்தோறும் போடுங்கள், இரண்டாவதை அறிக்கை கையெழுத்தாகும் அன்று. அன்றே இருப்பாய்வைப் பிடிஎஃப்-ஆக எடுத்துத் தணிக்கைக் கோப்பில் வையுங்கள். அதன் பிறகு மாதம் ஒருமுறை அதே டிசம்பர் 31 தேதிக்கு இருப்பாய்வை ஓட்டி, அந்தப் பிடிஎஃப்-உடன் ஒப்பிடுங்கள். ஓர் எண் நகர்ந்திருந்தாலும் நேரே லாகுக்குப் போகலாம்.

இந்த ஏற்பாடு எங்கே உடைகிறது என்றால், பெரும்பாலும் லாகினில். மூன்று பேர் ஒரே பாஸ்வேர்டில் நுழைந்தால் லாக் ஒரே பெயரைத்தான் சொல்லும், தடம் இருந்தும் பயனில்லை. வாடிக்கையாளருக்கு ஆலோசகர் உரிமை கொடுத்துவிட்டால் முதல் அடுக்குப் பூட்டு அவரைத் தடுக்காது. ஆளுக்கொரு லாகின், இரண்டடுக்குச் சரிபார்ப்பு, வேலையை விட்டவரின் லாகினை அன்றே முடக்குவது: இந்த மூன்றிலும் விட்டுக்கொடுக்கக் கூடாது.

நடுவழி ஒன்றும் உண்டு: டெஸ்க்டாப் மென்பொருளையே வாடகைச் சர்வரில் வைத்து இருதரப்பும் ரிமோட்டில் நுழைவது. இரண்டு பிரதித் தொல்லை தீரும், பழகிய கீபோர்டும் கையில் இருக்கும். ரீஸ்டோர் ஓட்டை அப்படியே இருக்கும், வங்கிப் பரிவர்த்தனைகளைத் தானாக மென்பொருளுக்குள் கொண்டுவரும் பேங்க் ஃபீட் வசதியும் சுமார்தான். பழக்கத்தை மாற்ற முடியாத வாடிக்கையாளருக்கு இது போதும்.

ஏஐ இந்த ஒற்றைப் பேரேட்டின் மேல்தான் உருப்படியாக வேலை செய்கிறது. பதிவுக்கு முன் உதவுவது, பதிவுக்குப் பின் சோதிப்பது என்று அதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். முதல் வகையில் எங்களுக்கு எச்சரிக்கை அதிகம்.

பேங்க் ஃபீடில் வரும் வரியைப் பார்த்துக் கணக்குத் தலைப்பைப் பரிந்துரைக்கும் ஏஐ, பழைய பதிவுகளிலிருந்து கற்கிறது. பழைய தவறையும் சேர்த்தே கற்கும். ஒரே கடையில் பிரிண்டர் மை வாங்கினால் செலவு, லேப்டாப் வாங்கினால் சொத்து. கடை பெயரை மட்டும் பார்த்தால் இரண்டும் அலுவலகச் செலவில் விழும். கடன் தவணை 25,000 என்று வங்கி வரியில் ஒரே தொகையாக வரும், அதில் அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு என்பது தவணை அட்டவணையில்தான் இருக்கும். சொந்தக் கணக்கு ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் பணம் மாற்றினால் ஒரு பக்கம் செலவாகவும் மறுபக்கம் வருமானமாகவும் பதிவாகும். வங்கி இருப்பு இரண்டும் சரியாகவே இருக்கும், செலவும் வருமானமும்தான் ஊதிப்போகும். பில் படத்தை வாசிக்கும்போது 03/04 என்ற தேதி மார்ச் 4-ஆகவோ ஏப்ரல் 3-ஆகவோ ஆகும். மெயிலில் ஒருமுறை, போட்டோவில் ஒருமுறை வந்த ஒரே பில் 0078 என்றும் 78 என்றும் இரண்டாகப் பதிவாகும். ஆகவே தானாகப் பதிவாகும் அனுமதியை வங்கிக் கட்டணம், மாறாத வாடகை போன்ற இரண்டு மூன்று தலைப்புகளுக்கு மட்டும் கொடுங்கள். மற்றவற்றை ஆள் பார்த்து அழுத்தட்டும்.

சரிபார்க்க வேண்டிய வரி 0 என்று திரை காட்டுவதை வைத்து வங்கிக் கணக்கு சரி என்று முடிவுகட்டுவது அடிக்கடி நடக்கும் பிழை. ஃபீட் அறுந்து மீண்டும் இணையும்போது சில நாட்கள் விடுபடலாம். அதை வங்கியிலிருந்து இறக்கிய சிஎஸ்வி (எளிய அட்டவணைக் கோப்பு) கொண்டு நிரப்பினால் ஓரங்களில் ஒன்றிரண்டு நாள் இரட்டிக்கலாம். வங்கி கொடுக்கும் அறிக்கையின் இறுதி இருப்பைப் பேரேட்டு இருப்போடு ஒப்பிடும் பழைய வங்கிச் சரிகட்டும் பட்டியல் இன்னும் அவசியம்.

பதிவுக்குப் பின் சோதிக்கும் இரண்டாம் வகையை மனமார வரவேற்கிறோம். நிர்வாகமே கட்டுப்பாடுகளை மீறும் அபாயத்துக்காகக் குறிப்பேட்டுப் பதிவுகளைச் சோதிக்க வேண்டும் என்கிறது ஐஎஸ்ஏ 240 என்ற சர்வதேசத் தணிக்கைத் தரம். முன்பு சில பத்துப் பதிவுகளை எடுத்துப் பார்த்தோம், இப்போது ஆண்டின் எல்லாப் பதிவுகளையும் ஓட்டலாம். மாதம் முடிந்த பின் போட்டவை, விடுமுறை நாளில் போட்டவை, வழக்கமாகப் பதிவு போடாதவர் போட்டவை, முழு ஆயிரத்தில் முடிபவை, விவரக்குறிப்பு இல்லாதவை என்று வடிகட்டலாம். இயல்பாகச் சேரும் தொகைகளில் முதல் இலக்கம் எவ்வளவு அடிக்கடி வரும் என்று சொல்லும் பென்ஃபோர்டு விதிப்படி, அது 1-ஆக இருப்பது 30.1 சதவீதம், 9-ஆக இருப்பது 4.6 சதவீதம். இதிலிருந்து விலகும் செலவுத் தலைப்பு எது என்று பார்க்கலாம், ஆனால் மாறாத சந்தாவும் வாடகையும் நிறைந்த தலைப்பில் இந்த விதி பொருந்தாது.

வலையை அகல விரித்தால் வேறு ஆபத்து. ஒரு லட்சம் பதிவில் 2 சதவீதம் சிவப்புக் கொடி என்றால் 2,000 கொடி. ஒவ்வொன்றையும் ஏன் விட்டோம் என்பதற்குக் கோப்பில் பதில் இருக்க வேண்டும். அளவுகோலை முதலிலேயே எழுதி வைத்து, இரண்டு மூன்று அறிகுறிகள் ஒரே பதிவில் சேர்ந்தால் மட்டும் இறங்கிப் பார்ப்பது நடைமுறைக்கு ஒத்துவரும். உரையாடும் ஏஐ-யைக் கடித வரைவுக்கும் ஒப்பந்தச் சுருக்கத்துக்கும் வைத்துக்கொள்ளலாம். அது இல்லாத பத்தி எண்ணைக்கூட உறுதியான குரலில் சொல்லும் என்பதால் அதன் பதிலைத் தணிக்கைச் சான்றாக வைக்க முடியாது. வாடிக்கையாளரின் பெயரோடு இருப்பாய்வைப் பொதுத் தளத்தில் ஒட்டுவது இரகசியக் கடமையை மீறுவது.

கிளவுட் தணிக்கையாளருக்குப் புது வேலை ஒன்றையும் தருகிறது. கணக்கை வெளி நிறுவனத்தின் சர்வர் நடத்துவதால் அப்படிப்பட்ட வெளிச் சேவைகளுக்கான தணிக்கைத் தரமான ஐஎஸ்ஏ 402-ஐப் பார்க்க வேண்டும், அந்த நிறுவனத்தின் கட்டுப்பாடுகளைப் பற்றி அதன் தணிக்கையாளர் தரும் ஐஎஸ்ஏஇ 3402 அறிக்கையைக் கேட்டு வாங்க வேண்டும். வகை 1 அறிக்கை, கட்டுப்பாடுகள் ஒரு குறிப்பிட்ட நாளில் வடிவமைப்பில் சரியாக இருந்தனவா என்பதோடு நின்றுவிடும். அவை ஒரு காலம் முழுக்க இயங்கினவா என்பதை வகை 2 சொல்லும், தேவை அதுதான். அறிக்கைக் காலம் செப்டம்பரில் முடிந்து ஆண்டு டிசம்பரில் முடிந்தால் நடுவில் மூன்று மாதம் வெற்றிடம். அந்த மாதங்களில் கட்டுப்பாடுகள் மாறினவா என்று அந்த நிறுவனம் சொல்லும் இடைக்காலக் கடிதம் கேளுங்கள். பயன்படுத்துபவர் தம் பக்கத்தில் வைத்திருக்க வேண்டிய கட்டுப்பாடுகளின் பட்டியலும் அதே அறிக்கையில் இருக்கும். அதைப் படிக்காமல் மூடிவிட்டால் அறிக்கை வாங்கியதில் பாதிப் பலன் போய்விடும்.

இளையவர்களின் பயிற்சி எங்களுக்கு உண்மையான கவலை. பில்லையும் பதிவையும் ஒத்துப் பார்த்தே ஒரு தலைமுறை கணக்குக் கற்றது, அந்த வேலையைத்தான் இயந்திரம் முதலில் எடுத்துக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு புதியவருக்கும் ஒரு சிறிய வாடிக்கையாளரைக் கொடுத்து, முதல் மூன்று மாதம் பரிந்துரைகளை அணைத்துவிட்டுக் கையாலேயே சரிக்கட்டச் சொல்லலாம். தவறு எப்படி இருக்கும் என்று கண்ணால் கண்டவர்தான் ஏஐ-யின் தவறைப் பிடிப்பார்.

பல கிடங்கு, பல நிலை உற்பத்தி, தொகுதி எண் வாரியாகச் சரக்கு என்று ஓடும் நிறுவனங்களுக்கு இந்தச் சிபாரிசை நீட்ட மாட்டோம். அங்கே டெஸ்க்டாப்பின் சரக்குப் பகுதி பலமானது, பேரேட்டை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்வது சரியாகாது. இணையம் நாளில் பலமுறை அறுகிற இடத்திலும் டெஸ்க்டாப்பே நல்லது.

மாறுவது என்றால் ஆண்டுத் தொடக்கத்தில் மாறுங்கள். கடனாளி, கடனீந்தோர் நிலுவையை மொத்தமாக ஒரே தொகையாக ஏற்றாமல் பில் பில்லாக ஏற்றுங்கள், இல்லாவிட்டால் வரும் பணத்தை எந்த பில்லுக்கு எதிராக வைப்பது என்று தெரியாது. இரண்டையும் இணையாக ஒரு மாதம் ஓட்டினால் போதும். அந்த மாதத்திலேயே வெளியேறும் வழியையும் சோதியுங்கள்: முழுப் பேரேட்டையும் சிஎஸ்வி-யில் இறக்கி, பற்று மொத்தமும் வரவு மொத்தமும் பொருந்துகின்றனவா என்று கூட்டிப் பாருங்கள். இணைத்த பில் படங்கள் பெரும்பாலும் அந்த ஏற்றுமதியில் வராது, தனியாக இறக்க வேண்டும். தணிக்கைக் கோப்பை அறிக்கைத் தேதியிலிருந்து பொதுவாக 60 நாளுக்குள் தொகுத்து முடிக்க வேண்டும், 5 ஆண்டுக்குக் குறையாமல் வைத்திருக்க வேண்டும் என்று சர்வதேசத் தரங்கள் சொல்கின்றன. வாடிக்கையாளர் சந்தாவை நிறுத்தும் நாள் நம் கையில் இல்லை. அதனால் கையெழுத்தாகும் வாரத்திலேயே பேரேடு, லாக், பில் படங்கள் மூன்றையும் இறக்கி அலுவலகத்தின் சொந்தச் சேமிப்பில் வைத்துவிடுங்கள்.